கனோசா கோட்டை வாசலில் மூன்று நாள்: இடைக்கால ஐரோப்பா திசை மாறிய இடங்கள்

கேள்வி கேட்டவர் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர். "இடைக்கால ஐரோப்பாவில் முக்கியமானவர்கள் யார், திருப்புமுனைகள் எவை? பெயர்களும் ஆண்டுகளும் மனப்பாடமாகிவிட்டன. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் பிடிபடவில்லை" என்று எழுதியிருக்கிறார்.

பிடிபடாததில் வியப்பில்லை. பாடப்புத்தகங்கள் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளை ஒரே பட்டியலில் அடைத்துவிடுகின்றன. சார்லமேனுக்கும் ஜோன் ஆஃப் ஆர்க்குக்கும் நடுவே மட்டும் அறுநூறு ஆண்டு இருக்கிறது. அதனால் பெயர்ப் பட்டியலை இன்னும் நீட்டாமல், அவற்றைக் கோக்கும் ஒரு நூலைக் கொடுக்கப் பார்க்கிறேன். அந்த நூல் ஒரு கேள்விதான்: யார் சொல்லுக்கு யார் கட்டுப்பட வேண்டும்? அரசன் சொல்லுக்கா, போப்பாண்டவர் சொல்லுக்கா? மேற்கு ஐரோப்பாவில் இந்த வழக்குக்குக் கடைசிவரை தீர்ப்பே வரவில்லை. இரு தரப்பும் ஒன்றையொன்று முழுதாக வீழ்த்த முடியாமல் இழுத்துக்கொண்டிருந்த இடைவெளியில்தான் தன்னாட்சி நகரங்களும் பல்கலைக்கழகங்களும் உரிமைச் சாசனங்களும் முளைத்தன. இது என் கணிப்பு. எல்லா வரலாற்றாசிரியர்களும் இதே இடத்தில் அழுத்தம் கொடுக்க மாட்டார்கள். ஆனாலும் இதைப் பிடித்துக்கொண்டு போனால் பெயர்கள் தாமாக இடத்தில் அமர்ந்துவிடும்.

பட்டியல் வழக்கமாக 476இல் தொடங்கும். அந்த ஆண்டு ஒடோவாக்கர் என்ற ஜெர்மானியப் படைத்தலைவர் ரோமுலஸ் அகஸ்துலஸ் என்ற சிறுவனை மேற்கு ரோமானிய அரியணையிலிருந்து இறக்கினார். கொல்லவில்லை. செலவுக்கு ஆண்டுப் பணம் ஒதுக்கித் தெற்கு இத்தாலிக்கு அனுப்பி வைத்தார். அரச சின்னங்கள் கான்ஸ்டான்டிநோபிளில் இருந்த கிழக்கு ரோமானியப் பேரரசர் ஜீனோவுக்குப் போய்ச் சேர்ந்தன. மேற்கில் தனியாக ஒரு பேரரசர் இனித் தேவையில்லை என்பது அதன் பொருள். ஆனால் சரிவு அதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. 408இல் விசிகோத் இனத் தலைவர் அலாரிக் ரோம் நகரை முற்றுகையிட்டு, விலகிப் போவதற்குக் கேட்ட விலையில் தங்கம் 5,000 பவுண்டு, வெள்ளி 30,000 பவுண்டு ஆகியவற்றோடு மிளகு 3,000 பவுண்டும் இருந்தது. மலபார்க் கரையிலிருந்து கடல் கடந்து போன மிளகு. ஒரு நகரத்திடம் அவ்வளவு மிளகு கேட்கலாம் என்று நினைக்க வைத்த வணிக உலகம் அடுத்த இருநூறு ஆண்டுகளில் மேற்கே தேய்ந்துபோனது. நகரங்கள் சுருங்கின. வரிக் கணக்கு எழுதிய அலுவலர் கூட்டம் கலைந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் திருச்சபையில்தான் மிஞ்சினார்கள். இதை மட்டும் நினைவில் வையுங்கள், பின்னால் வரும் சண்டைகள் பலவும் இதிலிருந்து கிளைத்தவை.

அந்த நூற்றாண்டுகளில் நான் முதலில் வைக்கும் மனிதர் ஓர் அரசர் அல்ல, துறவி. 529 வாக்கில் இத்தாலியின் மாண்டே கசினோ குன்றில் மடம் அமைத்த பெனடிக்ட், துறவிகளுக்கென்று 73 அத்தியாயங்களில் ஒரு விதிநூல் எழுதினார். எத்தனை மணிக்கு எழுவது, எப்போது வயலில் இறங்குவது, எப்போது படிப்பது, ஒருவருக்கு நாளைக்கு எவ்வளவு திராட்சை மது என்பதுவரை அதில் உண்டு. மடத்தில் படிக்க நேரம் ஒதுக்கினால் புத்தகம் வேண்டும், புத்தகம் வேண்டுமென்றால் படியெடுக்க ஆள் வேண்டும். அப்படித்தான் அந்த மடங்கள் நூலகங்களாக மாறின.

அடுத்து பிராங்குகள். இன்றைய பிரான்சிலும் மேற்கு ஜெர்மனியிலும் ஆண்ட இந்த இனத்தின் அரசர் குளோவிஸ் ரீம்ஸ் நகரில் கத்தோலிக்க முறைப்படி ஞானஸ்நானம் பெற்றது ஒரு திருப்பம். அதைவிடப் பெரிய திருப்பம் 751இல் நடந்தது. பழைய அரச குலம் பெயருக்குத்தான் ஆண்டுகொண்டிருந்தது. அதிகாரமெல்லாம் அரண்மனை மேலாளர் பெப்பின் கையில். (732இல் பொய்ட்டியேவுக்கு அருகே அரபுப் படையைத் தடுத்த சார்ல்ஸ் மார்ட்டலின் மகன் இவர்.) பெப்பின் போப்பாண்டவருக்கு ஆள் அனுப்பிக் கேட்ட கேள்வி மிகக் கூர்மையானது: அதிகாரம் இல்லாதவன் அரசன் என்று அழைக்கப்படுவது சரியா? சரியில்லை என்று பதில் வந்தது. கடைசி அரசரின் நீண்ட கூந்தலை மழித்து மடத்துக்கு அனுப்பினார்கள். அந்தக் குலத்துக்குக் கூந்தல்தான் அரசுரிமையின் அடையாளம். 754இல் போப் இரண்டாம் ஸ்டீபன் ஆல்ப்ஸைக் கடந்து வந்து பெப்பினுக்கு எண்ணெய் பூசி அபிஷேகம் செய்தார். பதிலுக்கு பெப்பின் படையெடுத்துப் போய் இத்தாலியின் நடுவே அவருக்கு நிலம் பிடித்துக் கொடுத்தார். போப்பின் கையால் அரசனுக்கு ஆசி, அரசனின் வாளால் போப்புக்குக் காவல்: ஒப்பந்தம் இங்கே பிறந்தது. ஆனால் ஒருவரை அரசராக்கும் உரிமை தனக்கு இருக்கிறது என்று போப் சொல்லிக்கொள்ள இடம் கிடைத்ததும் இங்கேதான்.

பெப்பினின் மகன்தான் சார்லமேன். 800ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று, ரோமில் புனித பேதுரு ஆலயத்தில், போப் மூன்றாம் லியோ அவர் தலையில் முடிசூட்டிப் பேரரசர் ஆக்கினார். முந்தைய ஆண்டில்தான் லியோவை ரோமிலேயே எதிரிகள் தாக்கிக் கண்ணையும் நாக்கையும் பறிக்கப் பார்த்தார்கள். அவர் தப்பி ஓடிச் சார்லமேனிடம் அடைக்கலம் புகுந்தார். இப்படி நடக்கும் என்று தெரிந்திருந்தால் பெருநாள் என்றும் பாராமல் அன்றைக்குக் கோயிலுக்குள் காலே வைத்திருக்க மாட்டேன் என்று சார்லமேன் சொன்னதாக, அவரோடு பழகிய ஐன்ஹார்ட் எழுதியிருக்கிறார். அது உண்மையான வருத்தமா என்பதில் விவாதம் உண்டு. எனக்குச் செயல்தான் சான்று: 813இல் மகன் லூயிக்குப் பேரரசுப் பட்டம் சூட்டியபோது அதை ஆகன் நகரிலேயே முடித்துக்கொண்டார், போப்பைக் கூப்பிடவில்லை.

அதே ஐன்ஹார்ட் சொல்லும் ஒரு சின்னக் காட்சி என் மனத்தைவிட்டு அகலாதது. ஐரோப்பாவின் பாதியை ஆண்ட அந்த மனிதர் தலையணைக்கு அடியில் எழுதுபலகைகளை வைத்துக்கொண்டு, தூக்கம் வராத நேரத்தில் எழுத்துப் பழகினாராம். வயது போன பிறகு தொடங்கியதால் கை வசப்படவில்லை. தனக்கு வராததை நாட்டுக்குத் தர முயன்றார். இங்கிலாந்தின் யார்க்கிலிருந்து அல்குயினை வரவழைத்தார், மடங்களிலும் மறைமாவட்டங்களிலும் பள்ளி நடத்த ஆணையிட்டார். அவர் காலத்து மடங்களில் பரவிய தெளிவான சிற்றெழுத்து வடிவம்தான், பல கைமாறி, இன்று நாம் அச்சில் பார்க்கும் ரோமன் சிற்றெழுத்துகளுக்கு மூலம். இன்று கிடைக்கும் பழைய லத்தீன் நூல்களில் பெரும்பகுதிக்கு மிகப் பழைய படி அந்த நூற்றாண்டின் மடங்களில் எழுதப்பட்டதுதான். இடைக்காலம் முழுவதையும் "இருண்ட காலம்" என்று தள்ளுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். அதற்காக அவரைப் புனிதராகவும் பார்க்கத் தேவையில்லை. வட ஜெர்மனியின் சாக்சன்களை மதம் மாற்ற 30 ஆண்டுக்கும் மேல் போர் நடத்தியவர் அவர். 782இல் வெர்டன் என்ற இடத்தில் ஒரே நாளில் 4,500 பேரின் தலையை வெட்டியதாக அவருடைய அரசவை ஆண்டுக் குறிப்பே பதிவு செய்திருக்கிறது.

பேரன்கள் காலத்தில் பேரரசு மூன்றாகப் பிரிந்தது (843, வெர்டன் உடன்படிக்கை, மேலே சொன்ன வெர்டன் வேறு ஊர்). அதற்கு முந்தைய ஆண்டு ஸ்ட்ராஸ்பர்க்கில் இரு சகோதரர்கள் கூட்டணிச் சத்தியம் செய்தார்கள். ஜெர்மன் பேசும் படைக்குத் தலைவரான லூயி, பழைய பிரெஞ்சு மொழியில் சத்தியம் செய்தார். பிரெஞ்சுப் பக்கத்துச் சார்ல்ஸ் ஜெர்மன் மொழியில் செய்தார். எதிரே நிற்கும் தம்பியின், அண்ணனின் படைவீரர்களுக்குப் புரிய வேண்டுமே. பிரான்ஸ், ஜெர்மனி என்ற இரண்டு நாடுகளின் விதை அந்த மைதானத்தில் காதில் விழுகிறது.

9, 10ஆம் நூற்றாண்டுகளை வேகமாகக் கடக்கிறேன். வடக்கிலிருந்து வைக்கிங்குகள், கிழக்கிலிருந்து மகியார்கள் (ஹங்கேரியர்). இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் 878இல் எடிங்டனில் டேனிய வைக்கிங்குகளை வென்று தாக்குப்பிடித்தார். 911இல் ரோலோ என்ற வைக்கிங் தலைவருக்குப் பிரெஞ்சு அரசர் நிலம் கொடுத்தார், அது நார்மண்டி ஆனது. அந்த வழியில் வந்த வில்லியம் 1066 அக்டோபர் 14 அன்று ஹேஸ்டிங்ஸில் இங்கிலாந்தைக் கைப்பற்றினார். ஜெர்மனியில் முதலாம் ஓட்டோ 955இல் மகியார்களை முறியடித்து 962இல் பேரரசர் பட்டம் பெற்றார். கோட்டைக்கு ஒரு பிரபு, பிரபுவுக்குக் கீழே நிலத்தோடு கட்டுண்ட பண்ணையாட்கள் என்ற அமைப்பு இறுகியதும் இந்தக் காலத்தில்தான்.

இனி நிதானமாகச் சொல்ல வேண்டிய இடம். ஓட்டோவின் வழிவந்த ஜெர்மன் அரசர்கள் ஆட்சியை பிஷப்புகளை வைத்தே நடத்தினார்கள். காரணம் எளிது. ஒரு பிரபுவுக்கு நிலம் கொடுத்தால் அது அவன் மகனுக்குப் போகும், அடுத்த தலைமுறையில் அவனே எதிரியாவான். பிஷப்புக்குச் சட்டப்படியான வாரிசு இல்லை. அவர் இறந்ததும் நிலமும் படையும் அரசன் கைக்குத் திரும்பும், வேண்டிய ஆளுக்குக் கொடுக்கலாம். புதிய பிஷப்புக்கு அரசனே மோதிரமும் மேய்ப்பர் கோலும் கொடுத்துப் பதவியில் அமர்த்துவான். மோதிரம் அவர் திருச்சபையை மணந்ததற்கு அடையாளம், கோல் ஆன்மாக்களை மேய்ப்பதற்கு. ரத்தக்கறை படிந்த கையால் அரசன் இதை எப்படிக் கொடுக்கலாம் என்று சீர்திருத்தத் துறவிகள் கேட்கத் தொடங்கினார்கள். பதவியைக் காசுக்கு விற்பதும் பெருகியிருந்தது.

1073இல் போப் ஆன ஏழாம் கிரிகோரி இந்தக் கேள்வியின் உருவம். ஹில்டிபிராண்ட் என்ற இயற்பெயர் கொண்ட டஸ்கனிக்காரர். 1075இல் அவர் பதிவேட்டில் 27 வாசகங்கள் எழுதப்பட்டன. அவற்றில் ஒன்று, பேரரசர்களைப் பதவி நீக்க போப்புக்கு அதிகாரம் உண்டு என்கிறது. எதிரே நின்றவர் ஜெர்மன் அரசர் நான்காம் ஹென்றி. ஐந்து வயதில் தந்தையை இழந்தவர். பதினோரு வயதில் கொலோன் பேராயர் அவரைப் படகில் ஏற்றிக் கடத்தினார். சிறுவன் ரைன் ஆற்றில் குதித்தான், இழுத்துப் பிடித்துக் கொண்டுபோனார்கள். பிஷப்புகள்மேல் அவர் பிடியை விடாததற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

மிலான் நகருக்கு யார் பேராயர் என்பதில் மோதல் வெடித்தது. 1076 ஜனவரியில் வோர்ம்ஸ் நகரில் பிஷப்புகளைக் கூட்டிய ஹென்றி, "இனி போப் அல்லாத, பொய்த் துறவி ஹில்டிபிராண்டுக்கு" என்று விளித்து, ஆசனத்தைவிட்டு இறங்கச் சொல்லிக் கடிதம் விடுத்தார். அடுத்த மாதமே கிரிகோரி அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். நம் ஊரில் ஒரு குடும்பத்தைத் தள்ளி வைத்தால் என்ன ஆகும் என்று தெரியும்: நெருப்புக் கொடுக்க மாட்டார்கள், நல்லது கெட்டதுக்கு வர மாட்டார்கள். இது ஓர் அரசனை நாடு முழுவதும் தள்ளி வைத்ததற்குச் சமம். அதோடு, அவருக்குச் செய்த விசுவாசச் சத்தியம் யாரையும் கட்டுப்படுத்தாது என்றும் கிரிகோரி அறிவித்தார். பிரபுக்கள் காத்திருந்தது அதற்குத்தான். ஓராண்டுக்குள் விலக்கு நீங்காவிட்டால் வேறு அரசனைப் பார்த்துக்கொள்வோம் என்று அந்த இலையுதிர் காலத்தில் கெடு வைத்தார்கள். போப்பையே ஜெர்மனிக்கு வரவழைத்து விசாரணை நடத்தவும் ஏற்பாடாகியது.

விசாரணைக்கு முன்பே போப்பைப் பிடித்தாக வேண்டும். கடும் பனிக்காலத்தில் மனைவி பெர்த்தாவையும் சிறு மகனையும் கூட்டிக்கொண்டு ஹென்றி ஆல்ப்ஸ் மலையில் ஏறினார். இறங்கும்போது பெண்களை மாட்டுத்தோலில் உட்கார வைத்துச் சரிவில் இழுத்துவிட்டார்கள் என்று அக்காலத் துறவி ஒருவர் எழுதுகிறார். வடக்கே புறப்பட்டிருந்த கிரிகோரி, ஹென்றி படையோடு வருகிறாரோ என்று அஞ்சி, டஸ்கனியின் மட்டில்டா சீமாட்டிக்குச் சொந்தமான கனோசா கோட்டைக்குள் ஒதுங்கியிருந்தார். 1077 ஜனவரி இறுதி. அரச உடையைக் களைந்து, கம்பளி அங்கி அணிந்து, வெறுங்காலோடு ஹென்றி வாசலில் வந்து நின்றார். ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள்.

உள்ளே என்ன நடந்தது என்பதற்குக் கிரிகோரியே சாட்சி. ஜெர்மன் பிரபுக்களுக்கு அவர் எழுதிய கடிதத்தில், சுற்றியிருந்தவர்கள் ஹென்றிக்காக அழுது கெஞ்சினார்கள் என்றும், இது திருத்தூதரின் கண்டிப்பல்ல, கொடுங்கோலனின் குரூரம் என்றுகூடச் சிலர் சொன்னார்கள் என்றும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். உள்ளே மட்டில்டாவும், ஹென்றியின் ஞானத்தந்தையான க்ளூனி மடத் தலைவர் ஹியூவும் இருந்தார்கள். கிரிகோரியின் இக்கட்டை யோசித்துப் பாருங்கள். மன்னித்தால் ஹென்றிக்கு அரியணை மிஞ்சும், பிரபுக்கள் கைவிடப்பட்டதாக நினைப்பார்கள். மன்னிக்காவிட்டால், மனம் வருந்தி வாசலில் நிற்பவனைத் துரத்திய குரு என்ற பழி சேரும். அரசியல் தெரிந்தவர் தயங்கினார், கடைசியில் குரு கதவைத் திறந்தார்.

வென்றது யார்? பாடப்புத்தகங்கள் போப் என்கின்றன. அந்த மாதத்துக்கு வென்றது ஹென்றிதான். விலக்கு நீங்கியது, கெடு செல்லாமல் போனது. பிரபுக்கள் ஆத்திரத்தில் ருடால்ஃப் என்பவரைப் போட்டி அரசராக்கினார்கள், அவர் 1080இல் போரில் இறந்தார். மீண்டும் விலக்கப்பட்ட ஹென்றி இந்த முறை மண்டியிடவில்லை. போட்டி போப் ஒருவரை நிறுத்தி, 1084இல் ரோமைப் பிடித்து, அவர் கையாலேயே பேரரசர் பட்டம் சூட்டிக்கொண்டார். கிரிகோரியை மீட்க வந்த தென் இத்தாலிய நார்மன் படை ரோமைச் சூறையாடியது. மக்கள் கோபத்துக்கு அஞ்சி நார்மன்களோடு வெளியேறிய அவர் 1085இல் சலேர்னோவில் காலமானார். "நீதியை நேசித்தேன், அநீதியை வெறுத்தேன், அதனால் நாடுகடந்து சாகிறேன்" என்பது அவர் கடைசி வாக்காகச் சொல்லப்படுகிறது. ஹென்றிக்கும் நல்ல முடிவில்லை. சொந்த மகனே அவரை அரியணையிலிருந்து இறக்கினான். 1106இல் இறந்தபோது விலக்கு நீங்காமலிருந்ததால், 1111 வரை அவர் உடலைப் புனித மண்ணில் அடக்கம் செய்ய முடியவில்லை.

மட்டில்டாவின் பெயரைப் பட்டியல்கள் விட்டுவிடுவது எனக்கு ஆற்றாமை. இத்தாலியில் போப் தரப்பு தாக்குப்பிடித்ததே இந்தப் பெண்ணின் கோட்டைகளாலும் படையாலும்தான். 1092இல் ஹென்றியின் படை அதே கனோசாவுக்கு அருகே அவரிடம் தோற்றுத் திரும்பியது.

1122இல் வோர்ம்ஸில் சமரசம் வந்தது. மோதிரத்தையும் கோலையும் திருச்சபை கொடுக்கும், நிலத்துக்கான அதிகாரத்தைச் செங்கோலால் தொட்டு அரசன் கொடுப்பான். பார்க்கச் சின்ன ஏற்பாடு. ஆனால் ஒரே மனிதரிடம் இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன, அவை வெவ்வேறு இடத்திலிருந்து வருகின்றன என்று இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டன. கனோசாவை நடுநாயகமாக வைப்பதற்கு இதுவே என் காரணம்.

அந்தப் பிளவு யாருக்குப் பயன்பட்டது என்று பாருங்கள். இத்தாலிய நகரங்கள் போப் மூன்றாம் அலெக்சாண்டரோடு சேர்ந்து பேரரசர் பார்பரோசாவை எதிர்த்தன. 1176இல் லெஞ்ஞானோவில் அவரைத் தோற்கடித்து, 1183இல் தங்கள் தன்னாட்சியை ஒப்புக்கொள்ள வைத்தன. அப்போது எழுந்த ஒரு புதிய ஊருக்கு போப்பின் பெயரையே வைத்தார்கள், அலெஸாண்ட்ரியா இன்றும் இருக்கிறது. போலோன்யாவில் ரோமானியச் சட்டம் படிக்க வந்த மாணவர்கள் சங்கம் அமைத்து, ஆசிரியர்களைத் தாங்களே கூலிக்கு அமர்த்தினார்கள். பாடத்தைத் தாமதமாகத் தொடங்கிய ஆசிரியர் அபராதம் கட்ட வேண்டும். பாரிஸில் 1229இல் மாணவர்கள் சிலர் காவலர்களால் கொல்லப்பட்டதும் பல்கலைக்கழகமே பாடத்தை நிறுத்திக் கலைந்தது. 1231இல் போப் ஒன்பதாம் கிரிகோரி அவர்கள் உரிமைகளை உறுதி செய்து ஆணையிட்ட பிறகுதான் நிலைமை சீரானது. அரசன் நெருக்கினால் போப்பிடம், பிஷப் நெருக்கினால் அரசனிடம் முறையிட வழி இருந்தது.

ஆனால் போப் எப்போதும் உரிமைகளின் பக்கம் நிற்கவில்லை. 1215 ஜூன் 15 அன்று ரன்னிமீடில் இங்கிலாந்தின் ஜான் மன்னர் மாக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனத்துக்கு இணங்கினார். ஜான் அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன் நாட்டையே போப் மூன்றாம் இன்னொசென்ட்டுக்கு எழுதிக் கொடுத்து, அவருக்கு அடங்கியவராக மாறியிருந்தார். அதனால் ஆகஸ்டு மாதமே சாசனம் செல்லாது என்று இன்னொசென்ட் அறிவித்தார். அடுத்த ஆண்டு ஜான் இறந்த பிறகு, போப்பின் தூதரே முத்திரையிட்டு அது திருத்தங்களோடு திரும்ப வெளிவந்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சுதந்திர மனிதன் எவனையும் சட்டப்படி அன்றிச் சிறையிடக் கூடாது என்று அது சொல்கிறது. பண்ணையாட்கள் அந்தக் கணக்கில் வரவில்லை.

சிலுவைப் போர்களுக்குப் பட்டியல்கள் பெரிய இடம் கொடுக்கின்றன. 1095 நவம்பரில் பிரான்சின் கிளெர்மாண்டில் ஜெருசலேமை முஸ்லிம்களிடமிருந்து மீட்கச் சொல்லி போப் இரண்டாம் அர்பன் விடுத்த அழைப்பும், 1099 ஜூலை 15 அன்று ஜெருசலேம் விழுந்தபோது நடந்த படுகொலையும், 1187இல் சலாவுதீன் அதை மீட்டதும் தெரிந்திருக்க வேண்டியவை. நான் வேறு இரண்டைச் சேர்ப்பேன். 1096இல் கிழக்கே புறப்பட்ட கும்பல்கள் முதலில் கொன்றது வோர்ம்ஸ், மைன்ஸ் நகரங்களின் யூதர்களை. 1204இல் நான்காம் சிலுவைப் படை ஜெருசலேமுக்குப் போகாமல், கிறிஸ்தவ நகரமான கான்ஸ்டான்டிநோபிளை மூன்று நாள் கொள்ளையடித்தது. கிழக்கு, மேற்குத் திருச்சபைகள் 1054இல் பிரிந்ததாகப் படிக்கிறோம். மனத்தளவில் அது ஆறாத புண்ணாக மாறியது 1204இல்தான்.

போரைவிட ஆழமாக ஐரோப்பாவை மாற்றியது மொழிபெயர்ப்பு. 1085இல் கிறிஸ்தவர் வசமான டொலீடோ நகரில் அரபு நூல்கள் குவிந்திருந்தன. டாலமியின் வானியல் நூலைத் தேடி இத்தாலியிலிருந்து போன கிரெமோனாவின் ஜெரார்டு, 1187இல் இறக்கும்வரை அங்கேயே தங்கி 70க்கும் மேற்பட்ட நூல்களை லத்தீனில் பெயர்த்தார். அரிஸ்டாட்டிலும் இப்னு சீனாவும் இப்படித்தான் பாரிஸ் வகுப்பறைக்குப் போனார்கள். எண்கள் வேறு வழியில் போயின. வட ஆப்பிரிக்கத் துறைமுகம் ஒன்றில் சிறுவயதில் கணக்குக் கற்ற பீசா நகரத்து லியோனார்டோ (ஃபிபொனாச்சி), 1202இல் எழுதிய நூலில் "இந்தியரின் ஒன்பது எண்கள்" என்று பெயர் சொல்லியே அறிமுகம் செய்தார். எளிதில் ஏற்கவில்லை. 1299இல்கூட ஃபிளாரன்சின் நாணய மாற்றுநர் சங்கம் கணக்குப் புத்தகத்தில் இந்த எண்களுக்குத் தடை போட்டது.

அடுத்த பெருந்திருப்பத்தை எந்த மன்னரும் செய்யவில்லை. 1315 முதல் 1317 வரை ஓயாத மழையால் வடக்கில் பெரும் பஞ்சம். முப்பது ஆண்டு கழித்து, 1347 அக்டோபரில், கருங்கடல் பக்கமிருந்து வந்த ஜெனோவாக் கப்பல்கள் சிசிலியின் மெசினா துறைமுகத்தில் கறுப்புச் சாவு என்ற கொள்ளைநோயை இறக்கின. அக்குளிலும் தொடை இடுக்கிலும் நெறி கட்டும், காய்ச்சல் கொளுத்தும், சில நாளில் உயிர் போகும். அடுத்த நான்கைந்து ஆண்டில் ஐரோப்பாவின் மக்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை இறந்தார்கள். சியெனா நகரத்து ஆன்யோலோ தி தூரா என்பவர் தன் குறிப்பில் எழுதிய வரி இது: என் ஐந்து பிள்ளைகளை என் கையாலேயே புதைத்தேன். சியெனா தன் பேராலயத்தை மாபெரும் அளவில் விரிவாக்கிக்கொண்டிருந்த காலம் அது. வேலை நின்றது. கூரை ஏறாத அந்தச் சுவர் இன்றும் அப்படியே நிற்கிறது. அயர்லாந்தின் கில்கென்னியில் ஜான் க்ளின் என்ற துறவி, சுற்றிலும் எல்லாரும் சாக, ஆதாமின் வழியில் யாராவது பிழைத்தால் தொடர்ந்து எழுதட்டும் என்று சொல்லி வெற்றுத் தோல்தாள்களை விட்டுவைத்தார். அதற்குக் கீழே வேறொரு கையெழுத்து: இங்கே ஆசிரியர் இறந்தார் போலும்.

பழி யூதர்மேல் விழுந்தது. கிணற்றில் நஞ்சு கலந்தார்கள் என்றார்கள். யூதர்களும் இதே நோயில் சாகிறார்களே, யூதரே இல்லாத ஊரிலும் நோய் இருக்கிறதே என்று போப் ஆறாம் கிளமென்ட் 1348இல் ஆணை எழுதினார். யாரும் கேட்கவில்லை. 1349 பிப்ரவரி 14 அன்று ஸ்ட்ராஸ்பர்க்கில், நோய் அந்த ஊரை எட்டுவதற்கு முன்பே, நூற்றுக்கணக்கான யூதர்களை எரித்தார்கள்.

பிழைத்த ஏழைக்கு ஒன்று மாறியிருந்தது. வயல் அப்படியே இருக்கிறது, அறுக்க ஆளில்லை. கூலிக்காரன் விலை சொன்னான், கொடுக்காவிட்டால் அடுத்த ஊருக்கு நடந்தான். இங்கிலாந்தின் அரசு 1349லும் 1351லும் சட்டம் போட்டது: நோய்க்கு முந்தைய கூலிதான் கேட்க வேண்டும், உடம்பில் தெம்புள்ள அறுபது வயதுக்கு உட்பட்டவர்கள் வேலைக்கு மறுக்கக் கூடாது. கூலி கொஞ்ச காலம் அடங்கி, பிறகு ஏறியது. போர்ச் செலவுக்கென்று தலைக்கு ஒரு ஷில்லிங் வரி விதித்தபோது 1381இல் கென்ட், எஸெக்ஸ் குடியானவர்கள் லண்டனுக்குள் புகுந்தார்கள். தலைவர் வாட் டைலர். ஜான் பால் என்ற பாதிரியார் கேட்டார்: ஆதாம் மண் வெட்டி, ஏவாள் நூல் நூற்றபோது பிரபு யார்? 14 வயது அரசர் இரண்டாம் ரிச்சர்டோடு பேசிக்கொண்டிருக்கும்போதே வாட் டைலர் வெட்டப்பட்டார், எழுச்சி நசுக்கப்பட்டது. ஆனாலும் அடுத்த நூறு ஆண்டில் இங்கிலாந்தில் பண்ணையடிமை முறை கிட்டத்தட்ட உதிர்ந்துபோனது. எல்பே ஆற்றுக்குக் கிழக்கே கதை நேர்மாறு. நகரங்கள் வலுவில்லாத அங்கே, பிரபுக்கள் நாளடைவில் குடியானவர்களை நிலத்தோடு இன்னும் இறுக்கமாகக் கட்டினார்கள். நோய் ஒன்றுதான், தப்பியோட ஒரு நகரம் இருந்ததா இல்லையா என்பதில் வித்தியாசம் வந்தது.

இதற்குள் போப் பதவியே ஆட்டம் கண்டிருந்தது. எல்லா மனிதரும் போப்புக்குக் கட்டுப்பட்டால்தான் மீட்பு என்று 1302இல் அறிவித்த எட்டாம் போனிஃபேஸை, மறு ஆண்டே பிரெஞ்சு அரசர் நான்காம் பிலிப்பின் ஆட்கள் அனாக்னியில் அவர் மாளிகையிலேயே பிடித்து வைத்தார்கள். கனோசாவைத் திருப்பிப் போட்டது போல. 1309 முதல் 1377 வரை போப்புகள் பிரான்சை ஒட்டிய அவிஞ்ஞோனில் இருந்தார்கள். 1378இலிருந்து இரண்டு போப்புகள், 1409இலிருந்து மூன்று. கான்ஸ்டன்ஸ் நகரில் கூடிய சங்கம் 1417இல் மூவரையும் ஒதுக்கி ஒருவரைத் தேர்ந்தெடுத்தது. அதே சங்கம், பாதுகாப்பு வாக்குறுதியோடு வந்த போஹீமியச் சீர்திருத்தவாதி யான் ஹஸ்ஸை 1415 ஜூலை 6 அன்று உயிரோடு எரித்தது.

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலான நூறாண்டுப் போரில் (1337–1453) ஒருவரை மட்டும் எடுக்கிறேன். தோம்ரெமி கிராமத்து ஜோன், பதினேழு வயதில் ஆர்லியன்ஸ் முற்றுகையை உடைத்து, ஏழாம் சார்லஸை ரீம்ஸுக்குக் கூட்டிப்போய் முடிசூட வைத்தார். 1430இல் பிடிபட்டு ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டார். விசாரணைப் பதிவு முழுதாக இருக்கிறது. நீ கடவுளின் அருளில் இருக்கிறாயா என்று கேட்டார்கள். ஆம் என்றால் ஆணவம், இல்லை என்றால் குற்ற ஒப்புதல். எழுத்தறியாத அந்தப் பெண் சொன்னார்: "இல்லையென்றால் கடவுள் என்னை அதில் சேர்க்கட்டும், இருக்கிறேன் என்றால் அதிலேயே வைத்திருக்கட்டும்." 1431 மே 30 அன்று ரூவானில் எரித்தார்கள். 25 ஆண்டு கழித்துத் தீர்ப்பு செல்லாது என்றார்கள். எவருடைய சொல்லுக்குக் கட்டுப்படுகிறாய் என்பதே அந்த விசாரணையிலும் திரும்பத் திரும்ப வந்த கேள்வி. அவர் கேட்ட குரல்களுக்கா, எதிரே அமர்ந்திருந்த திருச்சபைக்கா?

முடிவு ஆண்டாக 1453 மே 29, துருக்கியரிடம் கான்ஸ்டான்டிநோபிள் வீழ்ந்ததைச் சொல்வது வழக்கம். தேர்வில் அதையே எழுதுங்கள். நான் அடுத்த ஆண்டைச் சேர்த்துப் பார்ப்பேன். துருக்கியர் முன்னேற்றத்திலிருந்து சைப்ரஸைக் காக்கப் பணம் திரட்ட போப் ஐந்தாம் நிக்கோலஸ் பாவமன்னிப்புச் சீட்டுகளுக்கு அனுமதி கொடுத்திருந்தார். கையால் எழுதி மாளாத அந்தச் சீட்டுகள் மைன்ஸ் நகரில், கூட்டன்பர்க்கின் புதிய அச்சு முறையில் அச்சாகின. தனித்தனி எழுத்துகளைக் கோத்து அச்சடித்த, ஆண்டு தெரிந்த ஐரோப்பியத் தாள்களில் மிகப் பழையவை 1454ஆம் ஆண்டின் அந்தச் சீட்டுகள்தான். வாங்குபவர் பெயரையும் தேதியையும் பேனாவால் நிரப்பிக்கொள்ள இடம் விட்டு அடித்திருப்பார்கள். 63 ஆண்டு கழித்து விட்டன்பர்கில் மார்ட்டின் லூதர் எதிர்த்து எழுதியது இதே சீட்டு வியாபாரத்தை. அதை ஜெர்மனி முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அதே அச்சு எந்திரம்.